‘200 ஆம்பியர் வெல்டிங் கிட்’ வாங்கும் முன்: அந்தப் பெட்டிக்குள் இருந்தது என்ன

வீட்டிலேயே ராட் வெல்டிங் (பூச்சுள்ள கம்பியை மின்சாரத்தில் உருக்கி இரும்பை ஒட்டுவது) பழக நினைப்பவர்களைக் குறிவைத்து ஒரு பெட்டி விற்கிறார்கள். உள்ளே இன்வெர்ட்டர் மிஷின், கேபிள், ராடைப் பிடிக்கும் ஹோல்டர், ஒட்டும் இரும்பில் மாட்டும் எர்த் கிளாம்ப், கண்ணாடி, கையுறை, ஒரு பாக்கெட் ராட். மேலே பெரிய எழுத்தில் ‘200 ஆம்பியர்’. 6,800 ரூபாய்க்கு இதை வாங்கிய ஒருவர், மாட்டுக்கொட்டகைக் கதவின் கீலை ஒட்ட மூன்று வாரம் முயன்று முடியாமல் எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ராட் இரும்பில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது, இரண்டு முறை இரவில் கண் எரிந்து தூங்க முடியவில்லை என்றார். கடையில் கேட்டதற்குக் கிடைத்த பதில்: “தம்பி, மிஷின்ல ஒரு குறையும் இல்ல. கை பழகணும்.”

கை மேல் தப்பே இல்லை. பெட்டியில் இருந்த ஒவ்வொரு பொருளையும் அளந்து பார்த்ததில் கிடைத்ததை இங்கே எழுதுகிறோம். கடையின் பெயர் வேண்டாம். இதே பெட்டி பல பெயர்களில், பல நிறங்களில் வருகிறது. எது வந்தாலும் நீங்களே சோதித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கண்ணாடி, ஏனென்றால் மற்றவை காசோடு போகும், இது கண்ணோடு போகும். பெட்டியில் இருந்தது இரு பக்கமும் ரப்பர் பட்டை வைத்த பச்சைக் கண்ணாடி. ‘வெல்டிங் காகிள்ஸ்’ என்று எழுதியிருந்தது. அது கேஸ் கட்டிங்குக்கானது. ஓரத்தில் 5 என்ற எண் இருந்தது. அந்த எண்தான் கண்ணாடியின் ஷேடு, அதாவது இருட்டின் அளவு. 2.5 மி.மீ. ராடை 70 முதல் 90 ஆம்பியரில் ஓட்ட ஷேடு 10 வேண்டும், 3.15 மி.மீ. ராடுக்கு 10 அல்லது 11. ஐந்துக்கும் பத்துக்கும் இரண்டு மடங்குதான் வித்தியாசம் என்று தோன்றும். அப்படியில்லை. ஷேடு 5 சுமார் 2 சதவீத வெளிச்சத்தை உள்ளே விடும். ஷேடு 10 விடுவது 0.014 சதவீதம். ஏறக்குறைய 140 மடங்கு அதிக வெளிச்சத்தில் அவர் ஆர்க்கை, அதாவது ராட் நுனியில் எரியும் மின்பொறியை, பார்த்துக்கொண்டிருந்தார். அதோடு காகிள்ஸ் கண்ணை மட்டுமே மூடும். நெற்றி, கன்னம், கழுத்து எல்லாம் திறந்து கிடக்கும். ஆர்க்கின் புற ஊதாக் கதிர் ஒரு மணி நேரத்தில் கடும் வெயிலில் கிடந்ததுபோல் தோலைச் சுட்டுவிடும்.

ராட் வெல்டிங்குக்கு முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட் அல்லது கைமுகமூடிதான். கண்ணாடியில் ஷேடு எண்ணும் தரக்குறியீடும் பொறித்திருக்க வேண்டும். தானாகக் கறுக்கும் ஹெல்மெட்டாக இருந்தால் உள்ளே ‘ஈஎன் 379’ போன்ற தர எண்ணைத் தேடுங்கள். ஷேடு 10 கண்ணாடியை முகத்தில் பிடித்து அறைக்குள் பார்த்தால் சுவரோ நாற்காலியோ தெரியக் கூடாது. தெரிந்தால் அது ஆர்க் கண்ணாடி இல்லை. ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக நல்லது என்றும் முடிவுகட்ட முடியாது. கறுப்பு நிறம் வேறு, புற ஊதாவைத் தடுப்பது வேறு. எண் பொறிக்காத கண்ணாடி எதைத் தடுக்கிறது என்று வீட்டில் சோதிக்க வழி இல்லை. அதைத் தொடாதீர்கள்.

கண் சுட்டுவிட்டால் அப்போதே தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடு இரவில், மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும், தண்ணீர் கொட்டும், வெளிச்சம் பார்க்க முடியாது. தாய்ப்பால், உருளைக்கிழங்குச் சாறு என்று யார் சொன்னாலும் கண்ணுக்குள் எதையும் விடாதீர்கள். கருவிழியின் மேல்தோல் வெந்திருக்கும் நேரத்தில் அது கிருமிக்கு வாசல் திறப்பது. மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை நீங்களாக வாங்கிப் போடுவது இன்னும் மோசம். திரும்பத் திரும்பப் போட்டால் புண் ஆறாது. இருட்டறை, மூடிய கண், மேலே ஈரத்துணி, விடிந்ததும் கண் மருத்துவர். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும்.

அடுத்து அந்த 200. மிஷினில் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் திருகில் 200 வரை எண் போட்டிருந்தது. திருகை முழுவதும் திருப்பி, 3.15 மி.மீ. ராடை ஓட்டி, ஹோல்டர் கேபிளில் டிசி கிளாம்ப் மீட்டர் மாட்டிப் பார்த்தோம். 118 ஆம்பியர். அதையும் நான்கு நிமிடம்தான் தாங்கியது, பிறகு சூட்டு விளக்கு எரிந்து நின்றுவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க மீட்டர்கூடத் தேவையில்லை. பிளக்கைப் பார்த்தாலே போதும். 200 ஆம்பியரில் ராட் வெல்டிங் மிஷின் தர வேண்டிய வோல்டேஜ் 28, அதாவது 5,600 வாட். மிஷினின் திறன் 85 சதவீதம், பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் வேலைக்கு ஆகும் பங்கு) 0.7 என்று வைத்தால் 230 வோல்ட் வீட்டு மின்சாரத்திலிருந்து அது இழுக்க வேண்டியது சுமார் 40 ஆம்பியர். இந்த மிஷினில் இருந்ததோ 1.5 சதுர மி.மீ. வயரும் 6 ஆம்பியர் பிளக்கும். 40 ஆம்பியரை அந்த வயரில் ஓட்டினால் வயர்தான் முதலில் உருகும். ஆகவே விற்றவருக்கே தெரியும், அது 200 தராது என்று. 2.5 மி.மீ. ராடை 80 ஆம்பியரில் ஓட்ட அதே கணக்கில் சுமார் 14 ஆம்பியர் போதும். ஆகவே வீட்டின் 16 ஆம்பியர் சாக்கெட்டில் நியாயமாக ஓடுவது 2.5 மி.மீ. ராட்தான். அதற்கும் மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. செம்பு வயர் இழுத்து, கரண்ட் மிஞ்சினால் துண்டிக்கும் சி வகை எம்சிபியும், கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் போட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் குத்தி ஓட்டவே ஓட்டாதீர்கள்.

நேர்மையான மிஷினின் பின்புறம் ஒரு தகடு இருக்கும். அதில் ‘எக்ஸ்’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் சதவீதம், அதன் கீழ் ஆம்பியர். இதுதான் டியூட்டி சைக்கிள்: பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓட்டலாம் என்பது. 60 சதவீதம் என்றால் ஆறு நிமிடம் ஓட்டி நான்கு நிமிடம் ஆறவிட வேண்டும். ‘200 ஆம்பியர், 20 சதவீதம்’ என்று போட்டிருந்தால் அந்த மிஷின் நிற்காமல் ஓடக்கூடியது 90 ஆம்பியர் அளவில்தான். அது பொய் இல்லை, தெரிந்து வாங்கலாம். இந்தப் பெட்டி மிஷினில் தகடே இல்லை, ஒரு ஸ்டிக்கர் மட்டும். தகடு இல்லாத மிஷினுக்கு விலை பேசக்கூட உட்காராதீர்கள்.

உயிரோடு விளையாடிய குறை ஒன்றும் இருந்தது. பிளக்கின் மூன்றாவது பெரிய எர்த் பின்னுக்கும் மிஷினின் உலோக உடலுக்கும் இணைப்பே இல்லை. பச்சை எர்த் வயரை உள்ளே வெட்டி மடித்து விட்டிருந்தார்கள். உள்ளே எங்காவது லைன் வயர் உரசினால் மிஷின் உடல் முழுவதும் 230 வோல்ட். இதை எவரும் ஒரு நிமிடத்தில் சோதிக்கலாம். பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டு, மல்ட்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, ஒரு முனையைப் பெரிய பின்னிலும் மறு முனையை மிஷின் உடலில் பெயின்ட் இல்லாத ஸ்குரூவிலும் வையுங்கள். பீப் சத்தம் வர வேண்டும். கடையிலேயே செய்யச் சொல்லுங்கள். மூடியை மட்டும் நீங்கள் கழற்ற வேண்டாம். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே இருக்கும் கப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

கேபிளில் ‘16 சதுர மி.மீ.’ என்று அச்சடித்திருந்தது. தொட்டால் தடிமனாக இருந்தது. தடிமன் முழுவதும் பிளாஸ்டிக். நுனியைச் சீவி இழைகளை எண்ணினால் 190. ஒவ்வொன்றும் 0.2 மி.மீ. அந்த இழை ஒன்றின் பரப்பு 0.0314 சதுர மி.மீ., 190 இழைக்கு 6 சதுர மி.மீ. பிளேடால் ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை: அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு. இரண்டு கேபிளும் சேர்ந்து 6 மீட்டர், 100 ஆம்பியர் என்று வைத்தால், அசல் 16 சதுர மி.மீ. செம்பில் வீணாவது 65 வாட். இதில் 270 வாட். அத்தனையும் கேபிளில் சூடாகப் போகிறது, ஆர்க்குக்குப் போக வேண்டிய வோல்டேஜில் கிட்டத்தட்ட 3 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. எர்த் கிளாம்ப் மெல்லிய தகடு; ஒரு தாடை மட்டுமே கேபிளோடு சேர்ந்திருந்தது.

பாக்கெட்டில் இருந்த ராடில் எண் இல்லை. நல்ல ராடு ஒவ்வொன்றின் பூச்சிலும், ஹோல்டரில் பிடிக்கும் நுனிக்கு அருகே, 6013 என்பது போன்ற வகை எண் அச்சாகியிருக்கும். பெட்டியின் மேல் ஐஎஸ் 814 என்ற இந்தியத் தர எண்ணைப் பாருங்கள். கம்பி பூச்சின் நடுவில் இல்லாமல் ஒதுங்கிய ராட் ஒரு பக்கமாகவே எரிந்து நகம்போல் நீட்டிக்கொண்டு நிற்கும், ஆர்க் எங்கே போகிறதென்று பிடிக்க முடியாது. மழைக்காலத்தில் ஈரம் ஏறிய 6013 ராடை 100 முதல் 110 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் காயவைத்தால் மீளும். பூச்சு விரலில் உதிர்ந்தால் தூக்கிப் போடுங்கள்.

ஆக, கரண்ட் குறைவு, கேபிளில் நஷ்டம், கிளாம்ப் பிடிப்பு இல்லை, ராட் சரியில்லை. இந்த நான்கும் சேர்ந்தால் முப்பது வருட வெல்டர் பிடித்தாலும் ராட் ஒட்டத்தான் செய்யும். புதிதாகப் பழகுபவர் என்ன செய்வார்? ஒட்டாமல் இருக்க ராடைத் தூக்கிப் பிடிப்பார். ஆர்க் நீளும், பொறி சிதறும், இரும்புக்குள் இறங்காமல் மேலே மட்டும் குவியும். அந்தப் பழக்கம் கையில் ஏறிவிட்டால் மாற்றுவது கடினம். மூன்று வாரத்தில் அவர் கற்றுக்கொண்டது அதைத்தான். எங்களுக்குக் கோபம் வந்ததும் அதனால்தான்.

குறை கையிலா மிஷினிலா என்று பிரித்துப் பார்க்க ஒரு நேர் வழி உண்டு. உங்கள் ராடை அருகிலுள்ள பட்டறை மிஷினில் ஓட்டச் சொல்லுங்கள். பட்டறையின் ராடை உங்கள் மிஷினில் ஓட்டச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. சோதனைக்கு 5 அல்லது 6 மி.மீ. கனமுள்ள இரும்புப் பட்டையைத் துரு, பெயின்ட் போகக் கிரைண்டரால் தேய்த்து, கிளாம்ப்பை அதிலேயே மாட்டி, 2.5 மி.மீ. 6013 ராடை 75 முதல் 80 ஆம்பியரில் ஓட்ட வேண்டும். தீக்குச்சி உரசுவதுபோல் உரசிப் பற்றவைத்து, ராடின் கம்பி கனம் அளவுக்கே இடைவெளி விட்டு, போகும் பக்கமாக 10 முதல் 15 டிகிரி சாய்த்து இழுத்துக்கொண்டு போனால் அப்பளம் பொரிகிற சத்தம் சீராக வரும். ஆறியதும் சிப்பிங் சுத்தியலால் லேசாகத் தட்டினால் கசடு பாளமாகக் கழன்றுவிடும். அந்தப் பெட்டி மிஷினின் திருகை 80-இல் வைத்தபோது மீட்டர் காட்டியது 52. வேறு நல்ல கேபிளும் எங்கள் ராடும் போட்டு, திருகை 125-க்கு ஏற்றியபோது கோடு சுத்தமாக விழுந்தது.

கையுறை பனியன் துணியில் ரப்பர்ப் புள்ளி வைத்தது. பொறி பட்டால் ஓட்டை, வியர்வையில் நனைந்தால் மின்சாரம் பாயும். ராட் மாற்றும் நேரத்தில் ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் இருக்கும். ஆர்சிசிபி வீட்டு லைனைத்தான் பார்க்கும். ஹோல்டர் பக்கத்து ஷாக்கிலிருந்து அது காப்பாற்றாது. காய்ந்த தோல் கையுறை, தோல் ஷூ, முழுக்கைப் பருத்திச் சட்டை, ஈரத்தரையானால் காலடியில் காய்ந்த பலகை. பாலியஸ்டர் லுங்கியும் ரப்பர் செருப்பும் பொறி பட்ட இடத்தில் உருகி ஒட்டும்.

பெட்டியோடு வந்த விளக்கத் தாளில் ஜிஐ பைப் ஒட்டுவதுபோல் படம் போட்டிருந்தார்கள், ஒரு வரி எச்சரிக்கைகூட இல்லாமல். ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சு எரிந்தால் வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர் காய்ச்சல், உடல்வலி, வாயில் உலோகச் சுவை. ஒட்டும் இடத்தின் இரு பக்கமும் பூச்சைத் தேய்த்து நீக்கி, திறந்த வெளியில், காற்று பக்கவாட்டில் புகையைக் கொண்டுபோகும்படி நின்று செய்யுங்கள். பெயின்ட், தின்னர், டீசல் இருந்த டிரம்மைக் கழுவியிருந்தாலும் ஒட்டக் கூடாது; வெடிக்கும். சுற்றி 10, 11 மீட்டருக்குள் வைக்கோல், கீற்று, சாக்கு இருக்கக் கூடாது. வேலை முடிந்து அரை மணி நேரமாவது அங்கேயே இருந்து புகைகிறதா என்று பாருங்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது கடை சொன்ன கடைசிக் காரணம்: பில் இல்லை. அவர் கையில் இருந்தது ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த துண்டுச்சீட்டு. ஜிஎஸ்டி எண்ணோ மிஷினின் சீரியல் எண்ணோ இல்லை, வாரண்டி அட்டையில் முத்திரை இல்லை. எஸ்டிமேட் வாங்கிக்கொண்டு காசு கொடுக்காதீர்கள். பில்லில் மாடல், சீரியல் எண், ‘200 ஆம்பியர், இத்தனை சதவீதம்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் உங்களுக்கு வேலை இல்லை. பெட்டியின் மேல் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, இறக்குமதியானால் தயாரான நாடு, அதிகபட்ச விலை, புகார் எண் இருக்க வேண்டும், சட்டப்படி கட்டாயம்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் துண்டுச்சீட்டு, பணம் அனுப்பிய யுபிஐ பதிவு, பெட்டியின் படம், மீட்டர் காட்டிய அளவின் வீடியோ எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலே பேசலாம்.

இந்தப் பெட்டி இப்போது உங்கள் வீட்டில் இருந்தால், எர்த் சோதனை தேறும் வரை மிஷினைச் சாக்கெட்டில் சொருகாதீர்கள். பச்சைக் கண்ணாடியை மிஷினோடு சேர்த்து வைக்காதீர்கள். நீங்கள் இல்லாத நேரம் வேறொருவர் அதை மாட்டிக்கொண்டு ராடைப் பற்றவைப்பார்.