ஒரு கீயில் பாஸ்வேர்ட் விழ வைத்துத் தருகிறோம் என்றால் கவனம்

மட்டக்களப்பு நகரில் கணினி திருத்தக் கொடுப்பவர்கள், முக்கியமாக மற்றவர்களின் கணக்கு வழக்குகளைக் கையில் வைத்திருப்பவர்கள், இதை ஒருதரம் வாசியுங்கள்.

கல்லடியில் வீட்டிலிருந்தே சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். அவர்களுடைய இறைவரி, வங்கிக் கடவுச்சொற்கள் எல்லாம் கீபாஸில்; மாஸ்டர் பாஸ்வேர்ட் என்ற ஒரே கடவுச்சொல்லால் பூட்டி மற்றதையெல்லாம் உள்ளே வைக்கும் மென்பொருள் அது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட ஒரு கடையில் கொடுத்திருந்தேன். எடுக்கப் போனபோது அங்கிருந்த தம்பி, "ஒவ்வொரு முறையும் நீட்டு பாஸ்வேர்ட் அடிச்சுக் கஷ்டப்படாதீங்க அக்கா, ஒரு ஷோர்ட்கட் டூல் போட்டுத் தாறன்" என்றார். தனிக் கூலி 2,500 ரூபா. பாஸ்வேர்டுகளை நான் அடிக்கும்போது நாகரிகமாக முகத்தை வேறு திருப்பிக்கொண்டார்!

அவர் போட்டது ஓட்டோஹொட்கீ என்ற இலவச மென்பொருள். கீயை அமுக்கினால் எழுதி வைத்ததை அப்படியே அடிக்கும். நாமாகச் சொல்லிவைக்காவிட்டால், எந்த விண்டோ முன்னால் இருக்கிறது என்று அது பார்க்காது. வரிப் பக்கத்துக்காக அமுக்கிய நேரம் வாட்ஸ்அப் முன்னால் வந்து நின்றது. ஒரு கடைக்காரரின் பாஸ்வேர்ட் மற்றக் கடைக்காரர்கள் இருக்கும் குழுவில் விழுந்தது. டூல் என்டரையும் தானே தட்டிவிட்டது.

அப்புறம்தான் மருமகன் வந்து தோண்டிப் பார்த்தான். அந்த டூலுக்கு எதை அடிக்க வேண்டும் என்று எழுதிவைத்த ஸ்கிரிப்ட் கோப்பை நோட்பேடில் திறந்தால் பாஸ்வேர்டுகள் வரிசையாக, வெறும் எழுத்தில். கீபாஸ் ஐகனை வலது சொடுக்கி ப்ரொப்பர்ட்டீஸில் டார்கெட் பெட்டியைப் பார்த்தால் அங்கே என் மாஸ்டர் பாஸ்வேர்ட். கீபாஸில் அப்படிப் பாஸ்வேர்டைக் கட்டளையோடு சேர்த்துத் திறக்க வழி இருக்கிறதுதான். ஆனால் அதை ஐகனில் எழுதி வைத்தால் பூட்டுப் போட்டு என்ன பயன்? டெஸ்க்டொப், கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் மைக்ரோசொஃப்டின் வன்டிரைவோடு (OneDrive) இணைந்திருந்ததால் ஸ்கிரிப்ட், ஐகன் இரண்டும் இணையத்துக்கும் ஏறியிருந்தன.

இத்தனைக்கும் வெளி டூலே தேவையில்லை. கீபாஸ் திறந்திருக்கும்போது கன்ட்ரோல், ஓல்ட், ஏ மூன்றையும் சேர்த்து அமுக்கினால், முன்னால் இருக்கும் விண்டோவின் தலைப்புக்குப் பொருந்துகிற கணக்கை அதுவே தேடி நிரப்பும். அதைக் காட்டித் தந்திருந்தால் அந்தக் காசைச் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன்.

கடையில் போய்க் கேட்டேன். "எல்லாருக்கும் இப்படித்தானே செய்து குடுக்கிறம். உங்கட வீட்டுக் கொம்பியூட்டர ஆரு வந்து பாக்கப் போறாங்க? பயமெண்டா மாஸ்டர் பாஸ்வேர்ட மாத்துங்க, சரி." சரியில்லை. பழைய கீபாஸ் கோப்பின் பிரதி யாரிடமாவது இருந்தால் அது பழைய பாஸ்வேர்டுக்கே திறக்கும். என்னுடைய பிரதி கழற்றிய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. அதைத் திருப்பித் தாருங்கள் என்றால், ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம்.

அவர் எதையும் எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்போது ஒவ்வொரு கடைக்காரராகக் கூப்பிட்டு, காரணம் சொல்லி, பாஸ்வேர்ட் மாற்ற வைத்துக்கொண்டிருப்பது நான்தான். 2,500 ரூபாவையும் அவர் திருப்பித் தரவில்லை.