நாய்க்கு மாதாந்த மாத்திரை என்ற பெயரில் போன 18,600 ரூபாய்

கடந்த வெள்ளிக்கிழமை மாலை என் இலக்கத்தைத் தடைசெய்துவிட்டார்கள். ஆத்திரம் ஆறும் முன்னரே இதை எழுதுகிறேன். ஆறிவிட்டால் என் முட்டாள்தனத்தில் பாதியை நானே மறைத்துவிடுவேன். 18,600 ரூபாயை வாங்கிக்கொண்டு என்னை ஏமாற்றியது, செல்லப்பிராணிகளுக்கான மருந்தும் உணவும் விற்பதாகச் சொல்லும் ஒரு பேஸ்புக் பக்கம் என்று மட்டும் குறிப்பிடுகிறேன். பெயரை எழுதுவதில் பயனில்லை. அதற்கான காரணம் கடைசியில் வரும். நாய்க்கு மருந்து வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றையும் முடிவில் விரிவாக எழுதுகிறேன்.

நான் ஹட்டன் பக்கத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். ஜிம்மி எங்கள் வீட்டின் நான்கு வயது நாட்டு நாய். தை, மாசி மாதங்களில் வெயில் ஏறியதும் தேயிலை மலைக்குள் போய் வரும் நாய்களுக்கு உண்ணி பிடிப்பது எங்கள் பக்கத்தில் வழமை; தெள்ளு ஆண்டு முழுவதும் உண்டு. சவர்க்காரம், பவுடர், வேப்பெண்ணெய் எல்லாம் போட்டுப் பார்த்துச் சலித்த பிறகு, மாதம் ஒருமுறை உண்ணக் கொடுக்கும் மாத்திரை தெள்ளு, உண்ணி, இதயப்புழு ஆகிய மூன்றையும் தடுக்கும் என்று மகள் சொன்னாள். இதயப்புழு நுளம்புக்கடியால் பரவுவது; இந்தக் குளிருக்கு அது எங்கே வரப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. வெப்பநிலை ஏறத்தாழ 14 பாகைக்குக் கீழே போனால் நுளம்பின் உடலுக்குள் அந்தப் புழுவின் குஞ்சுகள் வளர்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஜிம்மி விடுமுறை தோறும் எங்களோடு கீழே, வெப்பம் கூடிய கினிகத்தேனைக்கும் கண்டிக்கும் வருகிறான், அங்கே நுளம்புக்குப் பஞ்சமில்லை.

அந்தப் பக்கத்தில் வெளிநாட்டு மாத்திரை ஒன்று 3,100 ரூபாய் என்றும், ஆறு மாதத்துக்கும் சேர்த்து வாங்கினால் கூரியர் செலவு இலவசம் என்றும் போட்டிருந்தார்கள். நான் வட்ஸ்அப்பில் விசாரித்தேன். பதில் சொன்னவர் உடனே விலையைப் பேசவில்லை. "முதல்ல நாயோட நிறையச் சொல்லுங்க சேர், நிறை தெரியாம மருந்து குடுக்கிறது பாவம்" என்றார். நான் விழுந்த இடம் அதுதான். விற்பதற்கு அவசரப்படாமல் நிறையைக் கேட்கிறாரே, இவர் தொழில் தெரிந்தவர், நாய்மேல் அக்கறை உள்ளவர் என்று மனதுக்குள் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டேன். முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளின் விடைத்தாளைச் சந்தேகத்தோடு பார்த்தவனுக்கு அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

நிறையைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் மாலைத் தேயிலைக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் கணக்கப்பிள்ளையிடம் கெஞ்சி, ஜிம்மியைக் கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி ஒரு கொழுந்துச் சாக்குக்குள் இறக்கி, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துத் தராசில் தொங்கவிட்டோம். பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். தராசு முள் ஆடி ஆடி நின்றபோது 16 கிலோவுக்குச் சற்று மேலே காட்டியது. சாக்குக்கும் கழிக்க வேண்டும் என்று கணக்கப்பிள்ளை அரைக் கிலோ கழித்தார். அந்தக் கணக்கை நான் அனுப்பியதும், "சூப்பர் சேர், பதினஞ்சுக்கும் முப்பதுக்கும் இடையில உள்ளவங்களுக்கான மாத்திரை, சரியாப் பொருந்துது" என்று பதில் வந்தது. அந்த நிறை அளவு உண்மையான மாத்திரைப் பெட்டிகளிலும் இருக்கிறது என்பதை அதற்கு முன்பே இணையத்தில் பார்த்திருந்ததால், எனக்கிருந்த மிச்சச் சந்தேகமும் போயிற்று. மறுநாள் நகரத்துக்கு இறங்கி, வங்கியின் காசு வைப்பிலிடும் இயந்திரத்தில் 18,600 ரூபாயைப் போட்டு, வைப்புத்துண்டைப் படமெடுத்து அனுப்பினேன். நன்றி சொல்லும் ஒரு நாய்க்குட்டிப் படம் வந்தது.

பொதி நான்கு நாளில் வந்தது. பெட்டி இல்லை. ஆறு மாத்திரைகள் ஒரு வெள்ளித்தாள் அட்டையில் இருந்தன. அட்டையின் பின்புறத்தில் கணினியில் அச்சிட்டு ஒட்டிய ஒரு ஸ்டிக்கர், அதில் மருந்தின் பெயரும் நிறை அளவும் மட்டும். தொகுதி இலக்கமும் இல்லை, காலாவதித் திகதியும் இல்லை. கேட்டதற்கு, பெட்டியோடு அனுப்பினால் கூரியரில் நசுங்கிவிடும் என்றார்கள். அட்டை நசுங்காமல் இருப்பதற்காகப் பெட்டியை எடுத்துவிடுகிறார்களாம்! இதைக் கேட்டும் நான் தலையாட்டினேன். பொங்கலுக்கு மறுநாள் முதல் மாத்திரையைக் கொடுத்தேன். இறைச்சிச் சுவையுள்ள மெல்லும் மாத்திரை என்று விளம்பரம். கையில் எடுத்தால் சோக்குக்கட்டி போல வெள்ளையாக, நகம் பட்டால் மாவு உதிர்ந்தது. கருவாட்டு முள்ளைக்கூட விடாத ஜிம்மி அதை இரண்டு தடவை துப்பினான். கடைசியில் தேங்காய் ரொட்டிக்குள் வைத்து விழுங்கச் செய்தோம்.

இவ்வகை உண்மையான மாத்திரை ஒரு நாளுக்குள் தெள்ளையும், ஏறத்தாழ இரண்டு நாளுக்குள் உண்ணியையும் கொன்றுவிட வேண்டும். பத்தாம் நாள் ஜிம்மியின் இடது காதை மடித்துப் பார்த்தபோது, உள்மடிப்பில் ஏழு உண்ணிகள் வரிசையாக, இரத்தம் குடித்து ஊதிப்போய் ஈய நிறத்தில் இருந்தன. கால்விரல் இடுக்குகளில் சின்ன உண்ணிகள். ஒன்றைப் பிடுங்கி வெள்ளைத் தாளில் வைத்தேன். அது தாளின் விளிம்பு வரை நடந்து போனது. அதை வீடியோ எடுத்து அனுப்பினேன்.

இங்கிருந்து தொடங்கியவை சாக்குப்போக்குகள். "உண்ணி கடிச்ச பிறகுதான் சேர் சாகும், இரத்தத்தில இருக்கிற மருந்து அதுக்குள்ள போகணும்" என்றார். இதில் எனக்கு வயிறு எரிவதற்குக் காரணம், அது உண்மை என்பதுதான். உண்ணி உடலில் ஏறுவதை அந்த மாத்திரைகள் தடுப்பதில்லை, கடித்த உண்ணியைத்தான் கொல்கின்றன. ஒரு உண்மையை முன்னால் நிறுத்தி அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவனிடம் என்ன வாதாடுவது? ஐந்து நாள் கழித்தும் உண்ணிகள் உயிரோடிருந்தன. அப்போது, மருந்து உடம்பில் ஊறுவதற்கு இரண்டு மாத்திரையாவது போக வேண்டும் என்றார். அதன் பிறகு, நாய் எங்களுக்குத் தெரியாமல் வாந்தி எடுத்திருக்கும் என்றார். அடுத்த முறை, "உங்க பக்கம் குளிர்தானே சேர், குளிரில மருந்து மெதுவாத்தான் வேலை செய்யும்" என்றார். நாயின் உடல் வெப்பம் ஹட்டனிலும் கொழும்பிலும் ஒன்றுதான் என்று நான் எழுதியதற்கு, மெனேஜர் பேசுவார் என்று பதில் வந்தது. மெனேஜர் பேசவில்லை. பிறகு நீலக்குறி மட்டும் விழுந்தது. பிறகு அதுவும் இல்லை.

அவர்கள் சொன்னதை நம்பி மாசி மாதம் இரண்டாவது மாத்திரையையும் கொடுத்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஜிம்மி சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். உடம்பு கொதித்தது. மறுநாள் காலை கோடிப்புறத்தில் அவன் பெய்த சிறுநீர் சாயத்தண்ணி (பால் விடாத தேநீர்) நிறத்தில் இருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால், ரோஜா நிறமாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்த கடதாசி போலக் கிடந்தது. முச்சக்கர வண்டியில் மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடினோம். காது நுனியிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பார்த்த வைத்தியர், உண்ணிக் காய்ச்சல் என்றார். உண்ணி கடிக்கும்போது உட்புகுந்து சிவப்பணுக்களை உடைக்கும் பேபீசியா என்ற ஒட்டுண்ணி அது. ஊசியும் மருந்தும் தொடங்கி இன்று ஒன்பது நாள். பிழைத்துக்கொண்டான் என்றுதான் நினைக்கிறேன். நேற்று எழுந்து படி வரைக்கும் போனான். வைத்தியச் செலவை நான் அந்த 18,600 ரூபாயோடு சேர்க்கவில்லை. அது தனி.

மிச்சமிருந்த நான்கு மாத்திரைகளையும் கொண்டுபோயிருந்தேன். வைத்தியர் தன் மேசை இழுப்பறையிலிருந்து உண்மையான ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அது பழுப்புச் சிவப்பாக, மிருதுவாக, இறைச்சி வாசனையோடு இருந்தது. ஒவ்வொரு மாத்திரையும் தனித்தனியாக அடைக்கப்பட்டு, தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் அட்டையின் மேலேயே அச்சாகியிருந்தன. என்னுடையதை ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டார். சுண்ணாம்பு போலக் கரைந்து அடியில் படிந்தது. அதில் என்ன இருக்கிறது என்று தன்னால் சொல்ல முடியாது, என்ன இல்லை என்று மட்டும் சொல்லலாம் என்றார்.

அதற்குப் பிறகு அவர் சிங்களத்தில் பொறுமையாக விளக்கியதுதான் என்னை இரவு தூங்கவிடாமல் செய்தது. இதயப்புழு மாத்திரை வரப்போகும் மாதத்துக்கான கவசம் இல்லையாம். நுளம்பு கடித்தபோது கடந்த மாதத்தில் உள்ளே போன புழுக்குஞ்சுகளை, அவை வளர்வதற்கு முன் கொல்வதுதான் அதன் வேலை. வளர்ந்த புழுவை அது கொல்லாது. உள்ளே போன குஞ்சு முழுப் புழுவாகி, இதயத்திலும் நுரையீரலுக்குப் போகும் இரத்தக்குழாய்களிலும் குடியேற ஆறேழு மாதமாகும். இரத்தப் பரிசோதனையிலும் ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு முன் தெரியாது. அப்படியானால் போலி மாத்திரையை ஆறு மாதமும் ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டு, நாய் பத்திரமாக இருக்கிறது என்று நான் நிம்மதியாக இருந்திருப்பேன். இவர்கள் திருடுவதற்கு இதைவிட வசதியான பொருள் வேறு கிடைக்குமா? வேலை செய்கிறதா இல்லையா என்று வாங்கியவனுக்கு அரை வருடத்துக்குத் தெரியாது. தெரியவரும்போது விற்றவன் இருக்க மாட்டான். மாத்திரையின் பொய்யைக் காட்டிக்கொடுத்தது அந்த ஏழு உண்ணிகள்தான். நம் நாட்டு நாய்களில் அதிகம் காணப்படுவது இதயத்தில் வாழாமல் தோலடியில் வாழும், இதயப்புழுவின் உறவுப் புழு என்றும், நுளம்பு வழியாக அது மனிதருக்கும் வந்து கண்ணோரத்தில் கட்டியாகத் தோன்றுவதுண்டு என்றும் அவர் சொன்னபோது, வீட்டில் பேரப்பிள்ளைகள் இருப்பது நினைவுக்கு வந்தது.

வைத்தியர் என்னிடம் கேட்ட கேள்விகளையும் குறித்துக்கொண்டேன். முன்பு இரத்தப் பரிசோதனை செய்ததா, இவனுக்கு எப்போதாவது வலிப்பு வந்ததா, வேறு பூச்சி மருந்து எதுவும் கொடுத்திருக்கிறோமா என்றார். ஏற்கெனவே இரத்தத்தில் புழுக்குஞ்சு நிறைந்த நாய்க்குச் சோதிக்காமல் மருந்து கொடுத்தால் அதிர்ச்சி நிலை ஏற்படக்கூடும். தெள்ளு, உண்ணி மாத்திரைகளில் உள்ள இவ்வகை மருந்துகளால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்திருக்கிறது. எனக்கு விற்றவர் கேட்டது நிறையை மட்டும். நிறை கேட்டால் போதும், ஆள் மயங்கிவிடுவான் என்று தெரிந்திருக்கிறது.

வங்கிக்குப் போனேன். நீங்களாக விரும்பி வைப்பிலிட்ட பணம், எங்களால் திருப்ப முடியாது என்று அங்கே ஒரு பிள்ளை மரியாதையாகவே சொன்னாள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கும் அழைத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 18,600 ரூபாய் சிலருக்குச் சின்னத் தொகையாக இருக்கலாம். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் எங்கள் பக்கத்துக் கணக்குப்படி அது ஏறத்தாழ பதினான்கு பேர்; ஒரு பேர் என்றால் ஒரு முழு நாள் சம்பளம். மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று, அரைப்பேர் போட்டுவிடாமல் நிறை காட்டி வாங்கும் பதினான்கு பேர்.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். மூன்று மணிக்கு ஜிம்மியை ஊசிக்குக் கொண்டுபோக வேண்டும், ஆகவே அவசரமாகச் சில சொல்கிறேன். பெட்டி இல்லாமல் வந்தால் வாங்காதீர்கள். பெரிய நாயின் மாத்திரையை வெட்டிப் பாதி விலைக்குத் தருகிறோம் என்பவர்களையும் நம்பாதீர்கள். மருந்து துண்டு முழுவதும் சமமாகப் பரவியிருக்கும் என்று சொல்ல முடியாது. பணத்தை முன்கூட்டி அனுப்பாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தை நாயின் வாயில் விடாதீர்கள்: இதயப்புழுத் தடுப்புக்கு ஒரு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம் போதும், மாட்டு மருந்தின் ஒரு மில்லிலீற்றரில் 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது, ஜிம்மியின் நிறைக்கு ஒரு சொட்டே ஐந்து மடங்கு.

பெயரை ஏன் எழுதவில்லை என்றால், நேற்று இரவு மகள் தன் தொலைபேசியில் காட்டினாள்: பக்கத்தின் பெயர் மாறிவிட்டது. அதே மஞ்சள் கதிரையில் அதே பழுப்பு நாய் உட்கார்ந்திருக்கிறது, "உங்கள் நாயின் நிறையைச் சொல்லுங்கள்" என்று மேலே எழுதியிருக்கிறது. கீழே ஒருவர் பன்னிரண்டு கிலோ என்று போட்டிருக்கிறார்.