பக்கிளின் வயது: முத்திரையை நம்புவதா, அளவை நம்புவதா?

சுங்கை ரோடு சந்தை 2017-இல் மூடப்பட்ட பிறகும் சிங்கப்பூரில் பழைய ராணுவ இடுப்புவார்ப் பக்கிள்கள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. விற்பவர் எவரானாலும் சொல்வது 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது கிடைத்தது என்ற கதைதான். அதைச் சோதிக்க ஒரு சாரார் பக்கிளிலோ வாரிலோ பதித்த முத்திரையைப் பூதக்கண்ணாடியால் தேடுகிறார்கள். மற்றவர்கள் வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியால் அகலத்தை அளக்கிறார்கள். நான் வெர்னியர் கட்சி.

முத்திரைக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அம்புக்குறி மட்டும் இருந்தால் அது பிரிட்டிஷ் அரசின் உடைமை. அம்பு 'சி' எழுத்துக்குள் இருந்தால் கனடா; இரண்டு 'டி'களுக்கு நடுவே நின்றால் ஆஸ்திரேலியா. 'எம்.இ.கோ.' என்பது மில்ஸ் எக்விப்மென்ட் கம்பெனி என்ற தயாரிப்பாளர். நாட்டைக் காட்டுவதில் இதற்கு ஈடில்லை. ஆனால் ஆண்டும் தயாரிப்பாளர் பெயரும் பெரும்பாலும் நெய்த பருத்திப் பட்டையில் மையால் அச்சிடப்பட்டவை. நம் ஊர் ஈரமண்ணில் பட்டை மட்கிப்போக, பித்தளைதான் மிஞ்சும். அதன் மேலுள்ள குறியைச் சிப்பாய்கள் மெருகேற்றித் தேய்த்தது போதாதென்று, விற்பவர்களும் பிராசோ என்ற மெருகுப் பூச்சைப் போட்டு மிச்சத்தையும் அழித்துவிடுகிறார்கள். இந்தப் பளபளப்புக்குக் கூடுதல் விலை வேறு!

ஆண்டு தெளிவாகத் தெரிந்தாலும் அது தயாரித்த ஆண்டு மட்டுமே. பிரிட்டிஷ் ராணுவத்தின் வார் வகைகளை அவற்றின் ஆண்டைச் சேர்த்து 'மாதிரி' என்பார்கள்; 1937 மாதிரிக்கு மாற்றாக 1958 மாதிரி வரும்வரை பழைய வார்கள் புழக்கத்தில் இருந்தன. 1941 என்று அச்சிட்ட வார் போருக்குப் பிந்தைய மலாயா அவசரகாலத்திலும் யாராவது ஒருவரின் இடுப்பில் இருந்திருக்கலாம். பிரிட்டிஷ் படைகள் 1971-இல் கிளம்பும்வரை முகாம்களில் வேலை பார்த்த நம் தாத்தாக்கள் வழியாக வீட்டு இரும்புப் பெட்டிக்கும் வந்திருக்கலாம். போரில் கிடைத்தது என்று குடும்பத்தில் சொல்லப்படும் வார்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

அளவு இவ்வளவு பேசாது, ஆனால் சொன்னதை மாற்றிச் சொல்லாது. பட்டை நுழையும் இடத்தின் உள் அகலத்தை அளக்க வேண்டும். சுமார் 76 மில்லிமீட்டர் என்றால் 1908 மாதிரியின் இடுப்புவார். சுமார் 57 என்றால் 1937 மாதிரி. 76 வந்தவுடன் முதல் உலகப் போர் என்று துள்ளிவிடக் கூடாது. ஆஸ்திரேலியப் படைகள் 1940-41 வரையிலும் 1908 மாதிரியை அணிந்திருந்தன. தோள்வார், பை ஆகியவற்றின் சிறிய பக்கிள்களில் மட்டும் அளவு கைகொடுக்காது. அங்கே முத்திரையே கதி.

அளந்த பிறகு, வாரின் துளையில் மாட்டும் முள்ளைப் பார்க்கலாம். பிரிட்டிஷ் பருத்தி வார்ப் பக்கிள்களில் முள் கிடையாது. முள் இருந்தால் துளையிட்ட தோல் வாரை நினைக்க வேண்டும்: பிரிட்டிஷ் அதிகாரிகளின் சாம் பிரவுன் என்ற தோல் இடுப்புவார், குதிரைச் சேணம், அல்லது ஜப்பானியச் சிப்பாயின் வார். முள்ளும் இருந்து, உலோகம் அலுமினியமாகவும் இருந்தால் என் ஊகம் ஜப்பான் பக்கம் சாயும். முள் இல்லாத, மங்கிய, கைக்கு இலேசான கலவை உலோகம் என்றால் 1944 மாதிரியாக இருக்கக்கூடும். அப்படியானால் சிங்கப்பூர் வீழ்ந்த 1942 பிப்ரவரிக் கதை அந்த இடத்திலேயே முடிந்தது.

சந்தையை விட்டுவிட்டு நேரே தோண்டிப் பார்க்கலாமே என்பவர்களுக்கு: பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் தேசிய பூங்காக் கழகத்தின் அனுமதியின்றி அது கூடாது. 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமா கட்டுமானத் தளத்து மண்ணிலிருந்து வெளிப்பட்டது பக்கிள் அல்ல, 100 கிலோ வெடிகுண்டு.