குதிரைக் காலண்டர் மாட்டிய முடிவெட்டும் கடை

கடையின் பெயரைப் போடப் போவதில்லை. முதலாளி கேட்டுக்கொண்டார். "எழுதுங்க ஐயா, பேரு மட்டும் வேணாம். லைசன்ஸ் புதுப்பிக்கிற மாசம்" என்றார். ஆகவே அடையாளம் மட்டும் சொல்கிறேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் ஸ்காட் கந்தசுவாமி கோயிலிலிருந்து நடந்து போகிற தூரம். வாசலில் சிவப்பு வெள்ளைச் சுழல் விளக்கு இருக்கும், ஆனால் சுழலாது. நான் போக ஆரம்பித்த நாளிலிருந்தே சுழலவில்லை.

மூன்று நாற்காலிகள். நடு நாற்காலி முதலாளியுடையது, மற்ற இரண்டிலும் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த தம்பிகள். முடிதிருத்தும் கடை, ஜவுளிக்கடை, நகைக்கடை மூன்றுக்கும் வெளிநாட்டு ஆள் எடுப்பதை அரசாங்கம் 2009-இல் நிறுத்தி வைத்து, 2023-இல்தான் மறுபடி கதவைத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இந்தக் கடையில் இரண்டு நாற்காலிகள் துணி போர்த்திக் கிடந்தன. முதலாளி ஒற்றை ஆளாக நின்று வெட்டினார். அவருடைய முழங்கால் வலிக்கும் பேச்சுக்கும் அந்த வருடங்கள்தான் காரணம் என்று நினைக்கிறேன். கூட ஆளில்லாதவர் கண்ணாடியைப் பார்த்துத்தானே பேசியாக வேண்டும்.

முடிவெட்ட 18 வெள்ளி (ரிங்கிட்), சவரம் 10, எண்ணெய் வைத்துத் தலை பிடித்துவிட 20. சவரம் பழைய முறை: நுரை, கத்தி, மறுபடி நுரை, கடைசியில் ஈரப் படிகாரம். பிளேடை நம் கண்ணெதிரே உறை பிரித்து மாட்டுவார்கள். தலை பிடித்துவிடுவதில் இடது பக்கத்துத் தம்பிதான் கெட்டிக்காரர். பின்கழுத்தில் கட்டைவிரல் வைத்து ஓர் அழுத்து அழுத்துவார், ஒரு வாரத்து முதுகுவலி அங்கேயே இறங்கிவிடும். கழுத்தை மட்டும் நெட்டி முறிக்க விடாதீர்கள். என் வயதில் அது வேண்டாத வேலை. குளிர்சாதனம் உண்டு, ஆனால் நடு நாற்காலிக்கு மட்டும்தான் காற்று வரும். கார் நிறுத்த இடமே இல்லை, மோனோரயிலில் போய்விடுங்கள்.

சேவையைப் பற்றி இவ்வளவு போதும். நான் எழுத உட்கார்ந்தது கண்ணாடிக்கு எதிர்ச்சுவரைப் பற்றி.

அந்தச் சுவரில் குதிரைக் காலண்டர்கள் தொங்குகின்றன. பந்தய நாளுக்குக் குதிரை படம் போட்ட, எண்கள் பெரிதாக அச்சிட்ட, நம் எல்லார் வீட்டிலும் இருந்த அதே காலண்டர்தான். ஆனால் இங்கே இந்த வருடத்தது மட்டும் இல்லை. 1998, 2004, 2008, 2012, 2014, 2015, 2018 என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஆணியில் மாட்டியிருக்கிறார். போலீஸ், நீதிமன்றச் செய்திக்கு நீலப் பேனா. தேர்தல், கட்சிச் செய்திக்குச் சிவப்புப் பென்சில். அரசியல் தலைவர் அன்வார் இப்ராஹிம் மீதான ஓரினப் புணர்ச்சி வழக்கு இரண்டும் அந்தச் சுவரில் தேதி தேதியாக இருக்கின்றன. புது வாடிக்கையாளர் யாராவது "இது என்னண்ணே?" என்று கேட்டுவிட்டால் முடிந்தது. முடி வெட்டி முடிக்க ஒன்றரை மணி நேரமாகும்.

அவருடைய வாதம் எளிது. "செஞ்சாரா செய்யலையா, நமக்குத் தெரியாது. நாம கட்டிலுக்குக் கீழயா இருந்தோம்? ஏன் இப்பன்னு மட்டும் கேளு." கேட்டுக்கொண்டே காலண்டரைப் புரட்டுவார். 1998 செப்டம்பர் 2: பிரதமர் மகாதீர் தன் துணைப் பிரதமர் அன்வாரைப் பதவி நீக்கிய நாள். செப்டம்பர் 20: கைது. 2004-ஐப் புரட்டினால் மறுபடியும் செப்டம்பர் 2, நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் முதல் வழக்கின் தண்டனையை ரத்து செய்த நாள். இந்த இடத்தில் கத்தரிக்கோலை நிறுத்தி, கண்ணாடியில் நம் முகத்தைப் பார்ப்பார். நாம் வியந்தாக வேண்டும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது முதல் வழக்கின் குற்றச்சாட்டுத் தேதி. முதலில் 1994 மே என்றார்கள். அப்புறம் 1992 மே என்று திருத்தினார்கள். சம்பவம் நடந்ததாகச் சொன்ன அடுக்குமாடி அப்போது கட்டி முடியவில்லை என்று எதிர்த்தரப்பு காட்டியதும், 1993 ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் என்று மறுபடி மாற்றினார்கள். முதலாளியிடம் 1992, 1993, 1994 காலண்டர்கள் இல்லை. அது அவருக்குத் தீராத குறை. யாரிடமாவது இருந்தால் கொண்டு போய்க் கொடுங்கள், ஒரு சவரமாவது இலவசமாகக் கிடைக்கும்.

2008 காலண்டரில்தான் மை அதிகம். மார்ச் 8 பொதுத்தேர்தல், ஆளும் கூட்டணியான தேசிய முன்னணிக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை போனது. ஏப்ரல் 14, அன்வார் தேர்தலில் நிற்க இருந்த தடை முடிந்தது. ஜூன் 28, முன்னாள் உதவியாளர் ஒருவர் போலீசில் புகார் கொடுத்தார். ஜூலை 16 கைது. ஆகஸ்ட் 26 பெர்மாத்தாங் பாவ் இடைத்தேர்தல், 15,000 ஓட்டுக்கும் மேல் வித்தியாசத்தில் அன்வாருக்கு வெற்றி. நீலமும் சிவப்பும் மாறி மாறி, குழந்தை கிறுக்கிய மாதிரி இருக்கும். ஓரத்தில் பொடி எழுத்தில் இன்னொரு குறிப்பு: புகார் கொடுப்பதற்கு முன்பு அந்த இளைஞர் நஜிப் வீட்டுக்குப் போனது. அப்போது துணைப் பிரதமராக இருந்த நஜிப், உபகாரச் சம்பள விஷயமாக வந்தார் என்று முதலில் சொன்னார். இந்தப் புகார் விஷயத்தையும் அந்த இளைஞர் தன்னிடம் சொன்னதாகப் பிறகு ஒப்புக்கொண்டார். வழக்கில் அரசியல் இல்லை என்பதில் மட்டும் அரசாங்கம் கடைசி வரை பின்வாங்கவில்லை.

நான் 31 வருடம் மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். அதனால் இந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் வாய் நமநமக்கும். தேதியை வைத்து மட்டும் சதி என்று சொல்வதானால் நாட்டில் எல்லா வழக்கும் சதிதான். வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வழக்கு இருக்கும், இரசாயன அறிக்கை வந்திருக்காது, சாட்சிக்குக் காய்ச்சல் வரும். ஒத்திவைப்பு எங்களுக்கு அன்றாடச் சோறு. இரண்டாம் வழக்கு 2010-இல் விசாரணை தொடங்கி 2012 வரை இழுத்ததில் இரு தரப்புக்கும் பங்குண்டு. 2004 தீர்ப்பிலும் அன்வாருக்குப் பிடிக்காத வரிகள் இருந்தன. விடுதலையை மட்டும் படித்துவிட்டு அதைப் படிக்காமல் விட்டவர்கள் இந்தக் கடையிலேயே பாதிப் பேர். இதையெல்லாம் நான் சொல்லும்போது முதலாளி வேண்டுமென்றே காதருகே மெஷினை ஓட்டுவார். பாதி எனக்கே கேட்காது.

ஆனால் ஓர் இடத்தில் நானும் வாயடைத்துப் போனேன். 2012 ஜனவரி 9 அன்று இரண்டாம் வழக்கில் உயர்நீதிமன்றம் அன்வாரை விடுவித்தது. டிஎன்ஏ மாதிரிகள் கெடாமல் இருந்தன என்று முழுக்க நம்ப முடியாது என்பது நீதிபதி சொன்ன காரணம். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. அந்த விசாரணைக்கு 2014 ஏப்ரலில் தேதி கொடுத்திருந்தார்கள். அது மார்ச் 6, 7 என்று முன்னுக்கு வந்தது. ஏழாம் தேதி சாயங்காலமே குற்றவாளி என்று தீர்ப்பு, அன்றைக்கே ஐந்து வருடத் தண்டனை. அன்வார் நிற்க இருந்த காஜாங் இடைத்தேர்தலுக்கு வேட்புமனு நாள் மார்ச் 11. தேதி தள்ளிப் போவதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். முன்னுக்கு வந்ததை என் 31 வருடத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படி வந்தால் நாங்களே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

அந்த வெள்ளிக்கிழமை நான் நடு நாற்காலியில் இருந்தேன். நம்மாட்கள் செவ்வாய், வெள்ளியில் முடி வெட்ட மாட்டார்கள் என்பதால் கடை காலி. எனக்கு அந்தச் சம்பிரதாயம் கிடையாது, கூட்டமில்லாத நாள்தான் வசதி. தொலைக்காட்சியில் செய்தி ஓடியதும் முதலாளி திரும்பிவிட்டார். கையும் கூடத் திரும்பியது. இடது கிருதா காதுக்கு நடுவில் நின்றது, வலது கிருதா காதுக்கு மேலே போய்விட்டது. சரிசெய்கிறேன் என்று இடதையும் மேலே ஏற்றினார். மறுநாள் ஒரு கல்யாணம். படங்களில் நான் இராணுவத்தில் சேரப் போகிற பையன் மாதிரி இருக்கிறேன். அன்று காசு வாங்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். காஜாங்கில் அவருக்குப் பதிலாக அன்வாரின் மனைவி வான் அசிசா நின்று ஜெயித்தார். 2015 பிப்ரவரி 10 அன்று கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தண்டனையை உறுதி செய்தார்கள்.

குற்றவியல் சட்டம் 377பி பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய சண்டையே நடந்தது. புகார்தாரர் கட்டாயப்படுத்தப்பட்டதாகச் சொன்னார், ஆனால் வழக்குப் போட்ட பிரிவுக்குச் சம்மதம் இருந்ததா இல்லையா என்பதே தேவையில்லை. 20 வருடம் வரை சிறை, பிரம்படியும் உண்டு. "அப்படின்னா ஏன் ஒருத்தர் மேல மட்டும் கேசு?" என்று டாக்சி ஓட்டும் ஒருவர் கேட்டார். தேசிய முன்னணியில் இருக்கும் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கிளையில் பொறுப்பில் இருந்த பெரியவர், "புகார் கொடுத்தவனையே உள்ள தள்ளினா அடுத்தவன் எவன்லா வருவான்?" என்றார். இரண்டும் நல்ல கேள்வி. தம்பிகள் இருவரும் ஒன்றும் புரியாமல் முடியைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

கடையின் உண்மையான சோதனை 2019 ஜூனில் வந்தது. அன்வார் கட்சியின் துணைத் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த அஸ்மின் அலியைக் குறிவைத்த ஓரினப் புணர்ச்சிக் காணொளி. அவர் மறுத்தார், தன் அரசியலை அழிக்கச் சதி என்றார். காணொளி உண்மையானது, ஆனால் முகங்களை உறுதிப்படுத்த முடியவில்லை என்று போலீஸ் படைத் தலைவர் சொன்னார். 2020 ஜனவரியில் வழக்கு இல்லை என்று முடிந்தது. அந்த ஏழெட்டு மாதம் கடையில் எல்லாரும் நாற்காலி மாறி உட்கார்ந்தார்கள். 2008-இல் "சதி, சதி" என்றவர்கள் "விசாரிக்கட்டுமே, என்ன பயம்?" என்றார்கள். அன்று "சட்டம் தன் கடமையைச் செய்யும்" என்ற கிளைப் பெரியவர் "ஏன் இப்ப?" என்றார், முதலாளியின் வார்த்தையை அப்படியே எடுத்து. முதலாளி அந்த வருடக் காலண்டரில் ஒன்றுமே குறிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "பேனா தீர்ந்துபோச்சு" என்றார். அந்தப் பதிலுக்காக ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

2018 மே 16-க்கு மட்டும் நீலமும் சிவப்பும் சேர்த்து வட்டம் போட்டிருக்கிறார்: அன்வாருக்குப் பேரரசரின் முழு மன்னிப்பு. தேர்தல் முடிந்து ஒரே வாரம். பிரதமர் நாற்காலியில் அன்று இருந்தவர், 1998-இல் அவரைப் பதவி நீக்கிய அதே மகாதீர். அதற்கு விளக்கம் கேட்டால் முதலாளி துண்டை உதறிவிட்டு "அடுத்த ஆள்" என்பார்.

ஐந்துக்கு நான்கு. கிருதாவுக்காகக் குறைக்கவில்லை, அது வளர்ந்துவிட்டது. ஞாயிறு காலை 10 மணிக்குப் போனால் வாதம் சூடாக இருக்கும், ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். முடி மட்டும் வெட்டினால் போதும் என்றால் செவ்வாய் மதியம் போய் இடது பக்கத்துத் தம்பியிடம் உட்காருங்கள். கைப்பேசியில் பணம் கட்ட முடியாது. 50 வெள்ளித் தாளை நீட்டினால் சில்லறைக்குப் பக்கத்துப் பூக்கடைக்கு உங்களைத்தான் அனுப்புவார்.