டோட்டோரோவா, கிகியா?

பிள்ளைக்கு இந்த இரண்டு ஜப்பானிய அனிமேஷன் படங்களில் எதை முதலில் போட்டுக் காட்டலாம் என்று யாராவது கேட்டால், என்ன வயசு என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ' 1988-ல் வந்தது, 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்' அடுத்த வருஷம். இரண்டிலும் வில்லன் கிடையாது, ஊர் மாறுவதுதான் தொடக்கம்.

டோட்டோரோவில் அம்மா ஆஸ்பத்திரியில். சாட்சுகியும் தங்கை மெய்யும் அப்பாவோடு கிராமத்து வீட்டுக்கு வருகிறார்கள். மழை இரவு, பஸ் ஸ்டாப். தலையில் ஒரே ஒரு இலையோடு பக்கத்தில் வந்து நிற்கும் புசுபுசுவென்ற பெரிய காட்டு பூதம் டோட்டோரோவுக்கு சாட்சுகி குடையை நீட்டுகிறாள். குடைமேல் சொட்டு விழும் சத்தம் அதற்குப் பிடித்துப்போகிறது. எம்பிக் குதிக்கிறது, மரத்து நீரெல்லாம் சடசடவென்று கொட்டுகிறது. அம்மாவின் நோயை அது குணமாக்குவதில்லை. துணைக்கு நிற்கிறது, அவ்வளவுதான்.

கிகிக்கு 13 வயது. தனியாக வேற்றூர் போய்ப் பிழைக்க வேண்டிய சூனியக்காரச் சிறுமி. துடைப்பத்தில் பறந்து பார்சல் கொடுக்கிறாள். ஒருநாள் பறக்க வரவில்லை. பூனை ஜிஜியின் பேச்சு வெறும் 'மியாவ்' ஆகிவிடுகிறது. பறப்பது பிறகு திரும்புகிறது. ஜப்பானிய மூலத்தில் ஜிஜியின் பேச்சு திரும்புவதே இல்லை. 1998 ஆங்கில டப்பிங்கில் கடைசியில் அதைப் பேசவைத்தார்கள். வேண்டாத வேலை!

பத்து வயதுக்கு மேல் கிகி. அதற்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு டோட்டோரோ. ஆனால் மெய் தொலைந்துபோய், குளத்தில் ஒரு குட்டிச் செருப்பு கிடைக்கும் கட்டம் வரும்போது மட்டும் அடுப்படிக்குப் போய்விடாதீர்கள்.