ஸ்கிரீனரா, டிக்கர்டேப்பா?

பங்கு வாங்குமுன் கம்பெனியை அலச, ஸ்கிரீனர், டிக்கர்டேப் என்ற இரண்டு இணையதளங்களில் எதைத் திறப்பது என்று பலரும் குழம்புகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

செலவு: இரண்டிலும் அடிப்படை வசதிகள் இலவசம். புதியவருக்கு அதுவே தாராளம்.

ஆழம்: இதில் ஸ்கிரீனர்தான். சுமார் 10 வருட லாபநட்டக் கணக்கு, கடன், பணவரத்து எல்லாம் ஒரே பக்கத்தில் விரியும். லாபம் வருடாவருடம் ஏறுகிறது, ஆனால் தொழிலிலிருந்து வந்த ரொக்கம் மைனஸிலேயே கிடக்கிறதா? இரண்டு வரிசைகளையும் ஒத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். (வங்கிகளுக்கு இது பொருந்தாது.) அப்புறம், ஆண்டறிக்கைகளும் அதே பக்கத்தின் அடியில் இருக்கும். இது எனக்குப் பெரிய வசதி.

எளிமை: டிக்கர்டேப். வளர்ச்சி, லாபம், விலை மதிப்பு எப்படி என்று அதன் ஸ்கோர்கார்டே (மதிப்பீட்டு அட்டை) ஒவ்வொன்றுக்கும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடும். அந்த ஒரு வார்த்தையை மட்டும் நம்பிப் பணம் போடாதீர்கள்.

மியூச்சுவல் ஃபண்ட்: டிக்கர்டேப்பில் ஃபண்டுகளையும் வடிகட்டலாம்.

எஸ்ஐபி (ஃபண்டில் மாதாமாதம் ஒரு தொகை) போடுபவர், பங்குகளை மேலோட்டமாகப் பார்ப்பவர் என்றால் டிக்கர்டேப் போதும். ஒரு கம்பெனியைப் பல வருடம் வைத்திருக்கப் போகிறீர்களா? சரி, ஸ்கிரீனரில் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.