சிவிலைசேஷன் 7: அண்ணாவியார் மாறல்ல, ஆட்டம் மாறிட்டு

முதல்லயே சொல்லிடறன், எனக்கு சிவிலைசேஷன் எண்டா அது 5ம் பாகம்தான், ஒரு நாகரிகத்த டேர்ன் டேர்னா வளர்த்துக்கொண்டு போற கொம்பியூட்டர் கேம் இது. 2010ல வந்தது, எங்கட கையில கிடைக்க ரெண்டு மூணு வருஷம் ஆகிட்டு. மட்டக்களப்பு கல்லடியில ஒரு கூட்டாளிட வீட்டு முன் அறையில ஒரே ஒரு லேப்டொப்ப வச்சு நாலு பேர் ஹொட்சீட் விளையாடுவம், ஒருத்தன் விளையாடேக்க மத்த மூணு பேரும் முற்றத்துல போய் நிக்கணும், யன்னலால எட்டிப் பார்த்தா அவண்ட அடுத்த டேர்ன் கட். கரண்ட் போனா பற்றரி இருக்கிற மட்டும் ஓடும், மறுகா நாலு பேருமா வாவிக்கரைக்குப் போய் அங்கயும் அதே சண்டையத்தான் கதைக்கிறது.

இந்த கேம்ல ஒரு வழக்கம் இருக்கு, அது தெரியாட்டி 7க்கு ஏன் இவ்வளவு ஏச்சு எண்டு விளங்காது. இத முதல்ல செய்த சிட் மேயர்ட பேர்தான் பெட்டியில எப்பவும் இருக்கும், ஆனா 1991ல வந்த முதலாவதுக்குப் பிறகு பாகத்துக்குப் பாகம் டிசைனர் வேற ஆள். 2 பிரையன் ரெனால்ட்ஸ், 4 சோரன் ஜோன்சன், 5 ஜோன் ஷாஃபர், 6 எட் பீச். பழசுல மூண்டில் ஒண்டு அப்படியே இருக்கணும், ஒரு பங்கு திருத்தணும், ஒரு பங்கு முழுசாப் புதுசா இருக்கணும் எண்டு மேயர் ஒரு கணக்கு வச்சிருக்கார். அந்தக் கடைசிப் பங்குலதான் ஒவ்வொரு தரமும் அடிபாடு.

எங்கட அம்மப்பா வடமோடிக் கூத்து ஆடினவர். ஊர்ல கூத்துப் பழக்கிற பழைய அண்ணாவியாருக்கு ஏலாமப் போய் புதுசா ஒராள் மத்தளம் எடுத்த வருஷம், முதல் வரவு ஆடி முடிய முதலே "தாளம் பிழைக்கு" எண்டு சொல்லி களரிய விட்டு எழும்பி வந்துட்டாராம். வந்தவர் வீட்டுக்குப் போகல்ல, விடிய விடிய வேலிக்கரையில நிண்டு முழுக்கூத்தையும் பார்த்துட்டுத்தான் வந்தவராம், அம்மம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. சிவ் ரசிகர்மாரும் அச்சொட்டா இப்படித்தான், ஏசுவாங்க, ஏசி ஏசியே ஆயிரம் மணித்தியாலம் விளையாடுவாங்க.

ஷாஃபருக்கு விழுந்த ஏச்சு சும்மா இல்ல. பெடியன் 3க்கு மொட், அதாவது ரசிகர்மார் கேம மாத்திச் செய்யிறது, செய்து உள்ளுக்கு வந்தவர், 5 வரேக்க வயசு 25 மட்டில. நாலு மூலைக் கட்டத்த அறுகோணமாக்கினார், ஒரு கட்டத்துல ஒரு படைதான் நிக்கலாம் எண்டார். 4ல முப்பது நாற்பது படைய ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கிக் கொண்டுபோய் மோதினவனுக்கு இது கை கால கட்டிப் போட்ட மாதிரி. எனக்கெண்டா அதுதான் பிடிச்சது, வில்லுக்காரன மலைக்குப் பின்னால வைக்கிறதா ஆத்துக்கு இங்கால வைக்கிறதா எண்டு யோசிக்க வேணும். ஆனா கொம்பியூட்டருக்கு அந்த யோசனை வரல்ல, நெரிசல்பட்ட பஸ்ஸுக்குள்ள மாட்டின ஆக்கள் மாதிரி படையள் ஒண்டை ஒண்டு மறிச்சுக்கொண்டு நிக்கும், 2013ல ஷாஃபரே 5ல பிழைச்ச இடங்களப் பத்தி எழுதினவர். கேம்ல இந்தியாத் தலைவரா வாற காந்திட அணுகுண்டு விருப்பத்துக்கு பத்துக்கு 12 புள்ளி போட்டு வச்சதும் அவர்தான், அத மட்டும் யாரும் குறை சொல்லல்ல.

எட் பீச்சுக்கு 2016ல 6 வரேக்க அவ்வளவு எதிர்ப்பு வராததுக்குக் காரணம் ஆள் ஏற்கனவே தெரிஞ்ச ஆள், 5க்குப் பிறகு சேர்த்து விட்ட ரெண்டு எக்ஸ்பான்ஷனையும் செய்து அந்த கேம நிமித்தி எடுத்தவர் அவர். கார்ட்டூன் மாதிரிக் கிடக்கு எண்டு மூஞ்சிய நீட்டினதோட சரி.

இப்ப 7க்கு வாறன். 2025 பெப்ரவரி 11ல வந்தது. இந்தத் தரம் ஆள் மாறல்ல, கிரியேட்டிவ் டைரக்டர் அதே எட் பீச், ஆனா ஏச்சு ஷாஃபருக்கு விழுந்தத விடக் கூட. ஏனெண்டா ஆட்டத்த மூண்டு யுகமா வெட்டிட்டார். வந்த நேரம் இருந்த விதி, யுகம் முடியிற நேரம் உங்கட நாகரிகத்த விட்டுட்டு வேற நாகரிகம் எடுக்கணும், தலைவர் மட்டும் கடைசி மட்டும் அதே ஆள்.

நான் அசோகர எடுத்து மௌரியர்ல தொடங்கி ரெண்டாம் யுகத்துல சோழருக்குப் போனன். ஓம், சோழர் இருக்கு, அதுவும் சும்மா பேருக்கு இல்ல. நகரத்துல அந்தக் கால வணிகக் குழுக்கள்ட பேர்ல அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் எண்டு ரெண்டு கட்டடம், ரெண்டையும் ஒரே இடத்துல கட்டினா ஐந்நூற்றுவர் எண்ட இன்னொரு வணிகக் குழுட பேர்ல ஒரு வணிகர் பகுதி உருவாகும். பள்ளிக்கூடத்துல ஓயெல்லுக்குப் பாடமாக்கின சொல்லு, பரீட்சையோட மறந்தது, திடீரெண்டு திரையில வந்து நிக்க எனக்கு மேல் புல்லரிச்சிட்டு. தஞ்சைப் பெரிய கோயிலும் உலக அதிசயமாக் கட்டலாம். பொலன்னறுவைக்கு ட்ரிப் போய் சோழர் கட்டின வானவன்மாதேவி ஈஸ்வரம் சிவன் கோயிலுக்கு முன்னால நிண்டு படம் எடுத்த எங்களுக்கு, மட்டக்களப்புல இருந்து வாழைச்சேனை தாண்டி மன்னம்பிட்டிப் பாலத்தால போனா வாற இடம் அது, இது ஒரு தனிச் சந்தோசம். கப்பல் போகக்கூடிய ஆறும் இதுல புதுசு, ஆத்தால உள்ளுக்குப் போய் ஒரு நகரத்த அடிச்சன், அந்த ஒரு மணித்தியாலத்துக்கே காசு சரி எண்டு நினைச்சன்.

அடுத்த யுகம் வந்தது. சோழர் போச்சு. நடந்துகொண்டு இருந்த யுத்தமும் போச்சு, படைய எண்ணிக் குறைச்சு வேற இடத்துல வச்சிருக்கு, நான் முகலாயர். அப்பதான் விளங்கிச்சு ஆக்கள் ஏன் கத்துறாங்க எண்டு. யோசிச்சுப் பார்த்தா வரலாறு அப்படித்தான், பொலன்னறுவையில சோழரா இப்ப இருக்காங்க, ஆனா விளையாடுறவனுக்கு அந்த நியாயம் வேண்டாம், கற்காலத்துல நட்ட கொடி ரொக்கெட் விடுற மட்டும் நிக்கணும். பீச் செய்தது புத்தியான வேலை எண்டுதான் இன்னும் சொல்லுவன், கடைசி நூறு டேர்ன் சலிப்பு இதுல குறைவு, ஆனா மனசு ஒட்டுற நேரம் பாத்துப் பிடுங்குது.

மத்தது எல்லாம் சுருக்கமா. எழுத்து, மெனு எல்லாம் வந்த புதுசுல அரைவேக்காடு, அப்டேட்டால கொஞ்சம் தேறிட்டு. ஜெயிச்ச பிறகும் இன்னொரு டேர்ன் விளையாடுற வசதியே, அதுதான் இந்த கேம்ட அடையாளம், முதல்ல இல்லாம இருந்து மறுகாதான் குடுத்தாங்க. பிரித்தானியாவ தனியாக் காசுக்கு வித்தது அநியாயம். வரேக்க விலை 70 டொலர், எங்கட காசுக்கு 20,000 ரூபாவுக்கு மேல, நான் டிஸ்கவுண்ட் வாற மட்டும் பொறுத்துத்தான் மச்சான்ட கார்ட்டால எடுத்தன், நீங்களும் பொறுங்க.

கேம் வரேக்க ஹொட்சீட் இல்ல. இதுக்கு மட்டும் நான் மன்னிக்கிற மாதிரி இல்ல, அந்த நாலு பேர்ல ஒருத்தன் கட்டார்ல, ஒருத்தன் கனடாவுல, ஆனா தைப்பொங்கலுக்கு கட்டார்க்காரன் வந்திருக்கேக்க அதே முன் அறையில லேப்டொப்பத் திறந்து கடைசியில போட்டது 5தான். எட்டிப் பார்த்து டேர்ன் கட் வாங்கினதும் நான்தான்.